ஞாயிற்றுக்கிழமை ஷூ

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எர்வின் ஞாயிற்றுக்கிழமை ஷூவை மாட்டினான். சர்ச் பூசைக்கு மட்டும் போடுகிற, அடித்தோல் மெலிந்த ஷூ. காலையிலிருந்து நிலக்கரி லாரி ஓட்டிவிட்டு வந்தவன், கழுத்துக் கரியைத் தேய்த்துக் குளித்து, பூட்ஸை மூலையில் தள்ளிவிட்டு இதைப் போடுகிறான். செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான்.

எங்கே என்று கேட்டாள் உர்சுலா. யூனியன் ஆபீசுக்கு என்றான்.

"யூனியன்ல இப்ப டான்ஸ் ஆடச் சொல்றாங்களோ?"

அவள் அக்குளில் இடுக்கியிருந்த ஊன்றுகட்டையை ஒரு தரம் பார்த்தான். கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

இருபத்திரண்டு வருஷம் ஊர் நடனப் பள்ளியில் பியானோ வாசித்தவள் உர்சுலா. போன வருஷம் சர்க்கரை வியாதியில் வலது கால் முழங்காலோடு போயிற்று. பியானோவுக்கு அடியில் வலது காலால் மிதிக்கிற பெடலை இடது காலால் மிதித்துப் பார்த்தாள். இடுப்பு கோணியது, விரல் தடுமாறியது. வீட்டுப் பியானோவை மூடி அதன் மேல் இஸ்திரித் துணியை அடுக்கினாள்.

பள்ளியில் அவள் இடத்துக்கு ஹலினா வந்தாள். புருஷனைச் சுரங்கத்துக்குப் பறிகொடுத்தவள். நாற்பது வயசு, இரண்டு காலும் உள்ளவள்.

எர்வின் போவது அந்த ஹலினா வீட்டுக்கு என்று கீழ்வீட்டு கெர்த்ருடா போன வாரமே சொல்லிவிட்டாள். கையில் கசகசா கேக் வேறாம். அதைச் சுட்டவள் உர்சுலா. பாதி கேக் எங்கே என்று கேட்டதற்கு எலி என்றிருந்தான்.

வேலைதான் போயிற்று, புருஷனும் போவதா? இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்து, பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். பத்து நிமிஷம் பொறுத்து இரண்டு கட்டையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தெருவில் பனி இறுகிக் கிடந்தது. ஹலினா வீடு இரண்டாம் மாடி. ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி ஏறினாள். அக்குள் இரண்டும் எரிந்தன.

மேலே பியானோச் சத்தம் கேட்டது. கதவு சரியாகச் சாத்தவில்லை. உர்சுலா காதைக் கொடுத்தாள்.

விரல் சுத்தமாக ஓடியது, பெடல்தான் நாறியது. கை விழுந்து ஒரு இமைப்பொழுது கழித்துத்தான் கால் பெடலை விட்டு மறுபடி மிதிக்க வேண்டும். அப்போதுதான் பழைய ஒலி விலகிப் புதியது தெளிவாக நிற்கும். இங்கே கையோடு கையாகக் கால், பிரேக்கை மிதிப்பது மாதிரி தடக் தடக்கென்று விழுந்தது. ஒலியெல்லாம் ஒன்றன் மேல் ஒன்று வழிந்து ஒரே சேறு.

ஹலினா இப்படி வாசிக்கிறவள் இல்லை. அடுத்தவள் புருஷன் பக்கத்தில் இருந்தால் கால் எங்கே நிதானத்தில் நிற்கும் என்று உர்சுலா பல்லைக் கடித்தாள்.

"ஏன் இவ்வளவு அவசரம்? மெதுவா," என்றது உள்ளேயிருந்து ஹலினாவின் குரல். எர்வின் சிரித்தான். வீட்டில் அவன் சிரித்து ஒரு வருஷமாகிறது.

கட்டையால் கதவை இடித்துத் திறந்தாள்.

பியானோ முன்னால் ஒரே பெஞ்சில் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். எர்வினின் வலது கால் ஹலினாவின் பாவாடைக்கு அடியில் நீண்டு கிடந்தது.

"உன் பெட்டி வாசல்ல இருக்கும். வந்து எடுத்துட்டுப் போயி இங்கயே குடும்பம் நடத்து," என்றாள் உர்சுலா.

ஹலினா முகம் சிவந்து எழுந்து, பெஞ்சைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள். எர்வின் எழவில்லை. நீட்டிய காலின் ஷூ பியானோவுக்கு அடியில் பெடல் மேல் அப்படியே இருந்தது. காலியான இடத்தை உள்ளங்கையால் துடைத்தான்.

"உக்காந்து கையை வை உர்சி. காலுக்கு நான் இருக்கேன்."