வாத்தியார் வீட்டு பேக்கப்

"போட்டோ எல்லாம் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

மனைவி கேட்டதற்கு, ஷூ அலமாரிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த கணவன் திரும்பவே இல்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் அவனுடைய சர்வர் டொக், டொக் என்று முனகிக்கொண்டிருந்தது. சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர். பதினோரு வருடமாக ராப்பகலாக ஓடியது. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் எடுத்த முதல் படத்திலிருந்து, போன வாரம் பள்ளிக்கூட மேடையில் அவள் பேசியது வரை அத்தனையும் அதற்குள்தான்.

ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று சாஃப்ட்வேர் பக்கமே போகாதவனுக்கு இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன ஞானோதயமோ, எல்லாவற்றையும் புதுசாக்குகிறேன் என்று உட்கார்ந்தான். பதினோரு வருட அப்டேட்டை ஒரே மூச்சில் ஏற்றினால் எந்த மெஷின்தான் தாங்கும்? பாதியில் நின்றுவிட்டது. அணைத்துப் போட்டான். அதோடு சரி.

"உள்ள ரெண்டு டிஸ்க் இருக்கு. போட்டோ இருந்ததுதான் போச்சு," என்றான் கடைசியில். "இன்னொண்ணு நல்லா இருக்கு."

"அதுல என்ன இருக்கு?"

"சினிமா."

நானூறு சினிமா. இரண்டு வருடமாக ஆசை ஆசையாகச் சேர்த்தது. பெற்ற மகளின் முகம் போய்விட்டதாம், யார் யாரோ நடிகர்களின் முகம் பத்திரமாக இருக்கிறதாம்.

"லிஃப்ட் ஒரே கயித்துல தொங்காது, ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு தாங்கும்னு ஊரெல்லாம் சொல்வீங்களே. நம்ம வீட்டுக்கு இன்னொரு கயிறு கிடையாதா?"

லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இருக்கு. வாத்தியார் வீட்ல."

இரண்டு தெரு தள்ளி இருக்கும் அறிவியல் வாத்தியாரைத்தான் சொன்னான். அவர் வீட்டிலும் இதே மாதிரி ஒரு மெஷின் உண்டு. வாரம் தவறாமல் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால் அவருக்கு 'அப்டேட்' என்று பட்டப்பெயர். இருவரும் ஒரு காலத்தில் நகமும் சதையும். இரண்டு வருடத்துக்கு முன்னால் சலூனில் நாலு பேர் எதிரில், "டிஸ்க்கை மாத்துப்பா, அது மியூசியத்துக்குப் போக வேண்டியது" என்று வாத்தியார் சிரித்துவிட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

சனிக்கிழமைதோறும் வீட்டுப் படங்களின் நகல் ஒன்று பேக்கப்பாகத் தானாகவே அவர் மெஷினுக்குப் போய்க்கொண்டிருந்த விஷயமே இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். உடனே செருப்பை மாட்டினாள். கணவன் எழுந்திருக்கவில்லை.

"போய்ப் பிரயோஜனமில்ல. அன்னிக்கே அழிச்சிருப்பாரு. சண்டை போட்டவன் பொருளை எவன் ரெண்டு வருஷம் கட்டிக் காப்பாத்துவான்?"

"கேட்டாத்தானே தெரியும். மூக்கறுபட்டா படட்டும். வீட்ல தையல் மெஷின் இருக்கு, நானே தைச்சுத் தரேன்."

அவனையும் இழுத்துக்கொண்டு போய் அவள் தட்டியதும் வாத்தியார் கதவைத் திறந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே வரச் சொன்னார். அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். கணவன் வாசற்படியைத் தாண்டவே இல்லை. 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவர் ஆரம்பிப்பார், அதையும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் மனதைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தாள்.

அவரோ மேஜையருகே போய் எதையோ தட்டினார். திரையில் வெள்ளைத் துணி சுற்றிய ஒரு சிவந்த முகம் கண்ணை மூடிக்கொண்டு கொட்டாவி விட்டது.

"நேத்து வரைக்கும் வந்திருக்கும்மா. நான் என் பக்கம் எதையும் நிறுத்தலை. சண்டை எங்க ரெண்டு பேருக்கும்தானே, குழந்தை என்ன பண்ணுச்சு?"

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இந்த மனுஷனைப் போய் இரண்டு வருடம் தெருவில் பார்த்தும் பார்க்காத மாதிரி போனோமே என்று வெட்கமாக இருந்தது. இதற்கு என்ன கைம்மாறு செய்யப்போகிறோம் என்று வாய்விட்டே கேட்டாள்.

வாத்தியார் அலமாரியிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். "பையனுக்கு அடுத்த மாசம் கல்யாணம். இதைக் கொடுக்கிற சாக்குல நானே உங்க வீட்டுக்கு வரணும்னு இருந்தேன். அப்டேட்னு பேர் வாங்கினவன் டிஸ்க்கே போன மாசம் போயிடுச்சும்மா. உங்களோடது இருந்த டிஸ்க் தப்பிச்சுது, என்னோடது இருந்ததுதான் போச்சு. பையன் தவழ்ந்தது, நடந்தது, அவங்கம்மா உசிரோட இருந்தப்ப அவனைத் தூக்கி வெச்சிருந்தது, ஒண்ணு விடாம."

"ஐயோ, அப்புறம்?"

"எனக்குக் கவலையே இல்லை. உன்னுது என்கிட்ட, என்னுது உன்கிட்டன்னுதானே எங்க ஒப்பந்தம்." அவர் வாசல் பக்கம் திரும்பினார். "எனக்குன்னு தனியா ஒதுக்கினியே, அந்த ரெண்டாவது டிஸ்க். அது நல்லாத்தானேப்பா இருக்கு?"

"நல்லாத்தான் சார் இருக்கு, காலையில கூடச் சொன்னாரே" என்று சந்தோஷமாகச் சொல்ல வாயெடுத்தவள், வாசற்படியில் தலைகுனிந்து நின்றவனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அந்த டிஸ்க்கில் நானூறு சினிமா இருந்தது.