பன்னிரண்டு வோல்ட்

“லஃபாயேலே! கதவத் தொற!”

ஞாயிறு மதியம் பக்கத்து வீட்டு ட்ரெவர் படபடவென்று தட்டினார். லஃபாயேலே திறந்தான்.

“கார்ல இருந்த சப்வூஃபர் ஸ்பீக்கரக் கழட்டி ஹோம் தியேட்டர்ல வச்சிட்டியாமே? என் வீட்டு அலமாரில கப்பெல்லாம் டான்ஸ் ஆடுது. சத்தத்தக் குறைப்பா!”

“குறைக்க முடியாதே, ட்ரெவர்.”

“திமிரா?”

சமையலறையில் அவன் மனைவி ஃபெட்டு களுக்கென்று சிரித்தாள். ட்ரெவருக்குச் சுர்ரென்று ஏறியது. உள்ளே புகுந்து, டிவிக்குப் பக்கத்திலிருந்த ஸ்பீக்கர் பெட்டியின் ஒயரை வெடுக்கென்று இழுத்தார். மறுமுனை எதிலும் மாட்டப்படாமல் கையோடு வந்தது. சுவர் மட்டும் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

“இதோட ஆம்ப்ளிஃபயருக்குப் பன்னெண்டு வோல்ட் வேணும், ட்ரெவர். வீட்டுக் கரண்ட்ல ஓடாது. அதுக்கான பவர் பெட்டி இன்னும் வாங்கல.”

“அப்போ இது என்ன சத்தம்?”

ஃபெட்டு படுக்கையறைக் கதவை லேசாகத் திறந்து காட்டினாள். நேற்றுதான் சமோவாவிலிருந்து பிரிஸ்பேன் வந்து இறங்கிய அவள் அப்பா, சர்ச் முடிந்து பன்றிக்கறி விருந்தை ஒரு கை பார்த்துவிட்டு, மல்லாந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“எப்போ ஊருக்குப் போறாரு?”

“கிறிஸ்மஸ் முடிஞ்சு.”

ட்ரெவர் ஒயரை லஃபாயேலேயின் கையில் திணித்தார்.

“அந்தப் பவர் பெட்டிய இன்னிக்கே வாங்கு, ராசா. பாட்டப் போட்டு அலற விடு!”