இறைத்த கிணறு

பெரியாஸ்பத்திரி டாக்டர் கொடுத்தனுப்பிய கண்ணாடித் தகட்டைச் செங்கோட்டையன் நீட்டினார். குடிதண்ணீர்ச் சோதனை என்று எண்ணிக்கொண்டு, தாவரவியல் ஆசிரியர் சின்னண்ணன் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“சிம்பெல்லாங்க. டயாட்டம் பாசியில ஒரு சாதி. காவிரி மாதிரி ஓடுற தண்ணியில, பாறையில ஒட்டிக்கிட்டு வளரும்.”

“ஆழக் கெணத்துல இருக்குமுங்களா?”

“வெயில் எட்டாத தண்ணியில இது வளராதுங்க. ஏனுங்க, இது உங்க ஊட்டுக் கெணத்துத் தண்ணிங்களா?”

“கெணறு குமாரபாளையத்துல, சம்பந்தி ஊட்டுலீங்க. தீட்டுன்னு மறுநாளே சுத்தமா எறச்சுட்டாங்க.”

“அப்ப இது எந்தத் தண்ணிங்க?”

செங்கோட்டையன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“எம் மவ நெஞ்சுக்குள்ள இருந்த தண்ணிங்க. கெணத்துல தவறி உழுந்துட்டதாத்தான் சொன்னாங்க.”