வெற்றிக்கு நன்றி

டியூப்லைட் வெளிச்சத்தில் மஞ்சள் பனியன்கள் மேசை நிறையக் கிடக்கின்றன. நல்லூர் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் சித்ராதேவி ஒன்றை விரிக்கிறாள். ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு சின்ன நாடு. அதன் ஆளும் கட்சித் தலைவர் பனியனின் நெஞ்சில் சிரிக்கிறார். காலையில் பார்த்த பனியன்களில் அவர் படத்துக்குக் கீழே ‘அடுத்த மாதம் எங்களுக்கே வாக்களியுங்கள்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. இதில் ‘வெற்றிக்கு நன்றி’ என்றிருக்கிறது. இரண்டும் ஒரே கப்பலில் போகின்றன. அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தையல் பிசகிய இடத்தைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்து, ‘வெற்றி’யின் மேல் ஒட்டி, டேமேஜ் கூடையில் வீசுகிறாள்.

சூப்பர்வைசர் பிரபாகர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். “ஏனுங்க்கா, தையல் சுத்தமாத்தானுங்க இருக்குது. என்ன டேமேஜு?”

“அங்க இன்னும் ஓட்டே போடலீங்க தம்பி. அதுக்குள்ள நன்றியாமா நன்றி! வெயில்ல வரிசைல நிக்கப்போற சனமெல்லாம் கேனையனுங்களா?”

“ஆர்டர் குடுத்த பையர் கேட்டதைக் குடுக்கறோமுங்க. அந்தூரு வம்பு நமக்கெதுக்குங்க?”

அவன் அம்பை உரித்தெடுத்துவிட்டு, பனியனை அட்டைப்பெட்டிக்குள் திணிக்கிறான். மெஷின்கள் இரைகின்றன. சித்ராதேவி அடுத்த பனியனை விரிக்கிறாள். சித்திரையில் ஓட்டுச்சாவடியில் வைத்த மை நகத்தோரம் இன்னும் அழியாத விரலால், அதே இடத்தில் அம்பை அழுத்தி ஒட்டுகிறாள்.