மீதி ஆறு

தட்டில் மாத்திரைகளைக் கவிழ்த்து, பேனா மூடியால் ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணினாள் ஆய்வுக்காரப் பெண்.

ஆறு.

கொடுத்தது தொண்ணூறு. போனது எண்பத்து நாலு நாள். அவள் எண்ணி முடிக்கும் முன்பே எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு விடை தெரியும். முப்பத்திரண்டு வருஷம் மருந்துக்கடை நடத்தியவருக்கு மாத்திரைக் கணக்கில் பிசகு வருமா?

மறதி நோய்க்கு ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு அது. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாவு மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவர்களுக்கும் தெரியாது, வாங்குபவர்களுக்கும் தெரியாது. அவர் மனைவியைச் சேர்த்து ஆறு மாதம் ஆகிறது.

சாத்திய கதவுக்குப் பின்னால் அவளுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. இன்றைக்கு என்ன கிழமை என்று யாரோ கேட்பதும், அவள் சிரித்து மழுப்புவதும் கேட்டது.

"ஆறு மாசமா ஒரு நாள்கூட விட்டுப் போகலை. உங்களை மாதிரி யாரும் இல்ல சார்," என்றாள் ஆய்வுக்காரப் பெண்.

அவர் மேஜை விளிம்பைப் பார்த்தார்.

மாத்திரை தினமும் புட்டியை விட்டு வெளியே வந்தது உண்மை. காலை எட்டு மணிக்கு, டாண் என்று. ஆனால் அது போனது மனைவியின் வாய்க்கு இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, கரையும்வரை நின்று பார்ப்பார். பிறகு ஆய்வுத் தாளை எடுத்து அன்றைய கட்டத்தில் டிக் போடுவார்.

இதே மனிதர்தான் கடையில் இருந்த காலத்தில், பாதியில் நிறுத்துவதானால் மருந்தே வாங்காதே என்று ஜுரக்காரர்களை விரட்டியவர். தெருவே அவருக்கு 'ஃபுல் கோர்ஸ்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தது.

"சனிக்கிழமை புதுசா சேர்றவங்க எல்லாரும் வர்றாங்க. நீங்க வந்து நாலு வார்த்தை பேசணும் சார். எப்படி விடாம கொடுக்கறீங்கன்னு."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், கூடத்தில் ஒரு பெண் குனிந்து கணவனின் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். மருந்து பலிக்கிறதா இல்லையா என்பதை இந்தத் தாள்களை வைத்துத்தான் சொல்லப்போகிறார்கள். அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து.

சொல்லிவிடலாம்.

"வர்றேம்மா," என்றார். காது மடல் சுட்டது.

கதவு திறந்தது. மனைவி வெளியே வந்தாள். முகம் முகமாகப் பார்த்து, அவரைக் கண்டுபிடித்து, நேராக வந்து சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

காலையிலிருந்து இது நாலாவது தடவை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரே மகனை வாசலில் நிறுத்தி, இனி இந்தப் படி ஏறாதே என்று அவர் சொன்னார். மகன் ஏறவில்லை. அன்றோடு மனைவி அவரிடம் பேச்சை நிறுத்தினாள். தட்டு வைப்பாள், துணி மடிப்பாள், வாய் மட்டும் திறக்கமாட்டாள். மகன் வீடு பஸ்ஸில் நாற்பது நிமிஷம். அவர் போகவில்லை.

பிறகு மறதி வந்தது. மற்றதையெல்லாம் மறந்தவள் அந்தக் கோபத்தையும் மறந்தாள். ஒரு நாள் காலையில், நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவள் மாதிரி, சாப்பிட்டீங்களா என்றாள். அவர் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

ஆய்வில் சேர்த்தபோது நல்ல மனசோடுதான் சேர்த்தார். முதல் இரண்டு வாரம் தன் கையாலேயே மாத்திரையைக் கொடுத்தார், தண்ணீரும் கொடுத்தார். பதினைந்தாம் நாள் அவள் கண்ணில் பழைய கூர்மை தெரிந்தது. மருந்தின் வேலையோ, அன்றைய பொழுதின் வேலையோ, இன்றுவரை அவருக்குத் தெரியாது. அவரை நேருக்கு நேர் பார்த்து, "அவனைப் போய்ப் பார்த்தீங்களா?" என்றாள்.

அவர் தண்ணீர் டம்ளரை எடுத்து நீட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றாம் நாளிலிருந்து மாத்திரை அவள் வாய்க்குப் போகவில்லை.

"சாப்பிட்டேன்," என்றார் இப்போது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.