ஆட்டுக்குட்டியோடு வந்த மணப்பெண்

கயிற்றுக் கட்டிலில் கால்களைத் தொங்கப்போட்டு, மடியில் முறத்தை வைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார் சென்னியப்பன். எதிரே தரையில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்த மருமகள் கோகிலா தற்செயலாக நிமிர்ந்தாள். கடலைக்கொடிக் குவியலுக்குள் இருந்து வந்த கண்ணாடி விரியன் ஒன்று அவருடைய பாதத்தின் மேல் பாதி ஏறியிருந்தது. சர்க்கரை நோயால் மரத்துப்போன கால். அவருக்கு எதுவும் தெரியவில்லை.

"மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தர்றேன் கண்ணு" என்று முறத்தை இறக்கப் போனார்.

"இருங்க மாமா." குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். "அத்தை கண்ணாலத்துக்கு ஆட்டுக்குட்டியோட வந்தாங்களே, அதைச் சொல்லுங்க."

அவர் முகம் மலர்ந்தது. அவர் அந்தக் கதையைத் தொடங்கினாலே ஏதாவது வேலையைச் சொல்லி எழுந்து போய்விடுகிறவள் அவள்.

"ஆடாமச் சொல்லுங்க, முறம் சாஞ்சிரும்."

முறத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு சொன்னார். குட்டியை விட்டுவிட்டு வண்டியிலிருந்து இறங்க மாட்டேன் என்று மணப்பெண் அடம்பிடித்ததையும், தாலி கட்டும் நேரத்தில் குட்டி மாப்பிள்ளையின் மாலையைத் தின்றதையும் சொல்லிச் சிரித்தார். தோள்கள் குலுங்கின. பாம்பு தலையைத் தூக்கியது.

"அப்புறம்?" என்றாள் கோகிலா, மூச்சை அடக்கிக்கொண்டு.

அவர் சொல்லச் சொல்ல அது மெல்லப் பாதத்தை விட்டு இறங்கியது. கட்டிலுக்கு அடியில் நுழைந்து, அவர் முதுகுக்குப் பின்னால் வாசலைக் கடந்து வேலிக்குள் மறைந்தது. அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து கோகிலாவின் கன்னங்களில் வழிந்தது.

சென்னியப்பன் திகைத்துப்போனார்.

"என்ன கண்ணு, அதுக்குள்ள அழுவற? அழுவற எடம் இன்னும் வரலியே."