ரதிதேவி போகும் வீடு

வாசலில் ஆண்கள் போடும் பெரிய பூட்ஸ் ஒரு ஜோடி கிடந்தது. காருக்குள் குனிந்து உட்கார்ந்திருந்த ஸ்வர்ணா, கேமராவை அதன்மேல் நெருக்கினாள்.

ரானுயி என்ற புறநகரில், ஒரு முட்டுச்சந்தின் கோடி வீடு அது. பகலிலும் திரைகள் இழுத்து மூடியிருந்தன. சாப்பாட்டுக் கேரியரோடு தன் காரிலிருந்து இறங்கிய ரதிதேவி, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கதவை மெல்லத் தட்டினார். கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, உடனே சாத்திக்கொண்டது.

"மாட்டினீங்களா அக்கா!" என்று முணுமுணுத்தபடி ஸ்வர்ணா படமெடுத்தாள்.

தமிழர் பேரவையின் தலைவர் தேர்தலுக்கு முன்னால், ஒவ்வோர் அணியும் உறுப்பினர்களிடம் ஓட்டெடுத்துத் தன் வேட்பாளரை முடிவு செய்வது வழக்கம். ஆஸ்பத்திரியில் சமூக சேவகராக இருக்கும் ரதிதேவிக்குத்தான் இந்த முறை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். மனு கொடுக்கும் கடைசி நாளில் திருமாறன் வந்து குதித்தார். பென்ரோஸ் பகுதியில் கிடங்கு நடத்துபவர். அதுவரை பேரவைப் பக்கமே தலைகாட்டாதவர்.

அவர் வந்த பிறகுதான் அந்தப் பேச்சும் கிளம்பியது. புருஷன் வேலை விஷயமாக சிட்னியில் இருக்க, ரதிதேவி சாயங்காலமானால் யார் வீட்டுக்கோ போகிறாராம். வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவர் 'அப்படியா?' என்று கேட்டால், அடுத்தவர் 'அப்படித்தான்' என்று முடித்துவிட்டார்.

இணைய வானொலி நடத்தும் ஸ்வர்ணா பேட்டிக்காகத் திருமாறன் வீட்டுக்குப் போனபோது, அவரே டீ போட்டுக் கொண்டுவந்தார்.

"வீட்ல அக்கா இல்லீங்களா சார்?"

"தனுஷா ஊருக்குப் போயிருக்கா. நீங்க சொல்லுங்க, ரதிதேவி விஷயத்தை ஏன் இன்னும் தொடாம இருக்கீங்க?"

"வதந்தியை எப்படி சார் போடுறது? யாரு, என்னன்னு தெரியணுமே."

"ஆளு யாருன்னு அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல வீடு எதுன்னு பிடிங்கம்மா. நான் பின்னாடி போனா என் காரைக் கண்டதும் வண்டியைத் திருப்பிடுவாங்க. நீங்க மீடியா, உங்களை யாரு சந்தேகப்படப் போறா?"

படம் கிடைத்ததும், ஒரு பேச்சுக்காவது எதிர்த்தரப்பையும் கேட்டுவிடலாமே என்று ஸ்வர்ணா ஆஸ்பத்திரி கார் நிறுத்தத்தில் ரதிதேவியை மறித்தாள். மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. போனில் அந்தப் படத்தைப் பார்த்ததும் ரதிதேவியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அங்க இருக்கறது யாருக்கா? நீங்களே சொல்லிட்டா நல்லது."

"சொல்ல ஏலாது தங்கச்சி."

"சொல்லலைன்னா தோத்துடுவீங்க."

"தோக்கிறன். என்னைப் பற்றி என்ன வேணுமெண்டாலும் கதையுங்கோ. இந்தப் படத்தை மட்டும் போட்டிடாதேங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

தோற்கத் தயாராக இருக்கிறவர் ஒரு படத்துக்கு ஏன் இப்படி நடுங்குகிறார்? ஸ்வர்ணாவுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பூட்ஸ் இரண்டுக்குள்ளும் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. பல நாளாக யாரும் காலில் மாட்டவே இல்லை போலிருக்கிறது.

ஆள் வெளியே வராமல் பதுங்கிக் கிடக்கிறான் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

ஓட்டெடுப்பு பாபகூரா மண்டபத்தில் நடந்தது. திருமாறன் சுருக்கமாகப் பேசிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். ரதிதேவி மேடையேறி மைக்கைப் பிடித்ததும், ஸ்வர்ணா வாட்ஸ்அப் குழுக்களில் படத்தை வெளியிட்டாள். தெருப் பெயர்ப் பலகை, கதவு எண், பூட்ஸ் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

மண்டபமெங்கும் போன்கள் கிணுகிணுத்தன. யாரோ சிரித்தார்கள். திருமாறன் தன் போனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்து, ஓட்டுப் போடக்கூட நிற்காமல் வெளியே போனார்.

காலி நாற்காலியைப் பார்த்த ரதிதேவிக்குப் பேச்சு பாதியில் நின்றது. இறங்கி வந்து, பக்கத்தில் இருந்தவரின் போனைப் பிடுங்கிப் பார்த்தார். அடுத்த நொடி, செருப்பைக்கூட மாட்டாமல், தன் போனைக் காதில் அழுத்திக்கொண்டு கொட்டும் மழையில் ஓடினார்.

"மானம் போச்சு, ஓடுறாங்க பாரு!" என்றது ஒரு குரல். ஸ்வர்ணா அதையும் நேரலையில் பிடித்துக்கொண்டாள். அவளுடைய வானொலிக்கு அன்றுபோல் கூட்டம் என்றைக்கும் வந்ததில்லை.

ஓட்டு எண்ணி முடித்தார்கள். திருமாறனுக்குப் பெருவாரியான வெற்றி. மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அணிக்காரர்கள் அவரைத் தேடினார்கள். ஸ்வர்ணா நேரலையிலேயே அவருக்குப் போன் போட்டாள். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தார்.

"வாழ்த்துகள் சார்! நீங்கதான் வேட்பாளர். நேயர்கள் எல்லாரும் கேட்டுட்டிருக்காங்க. எங்க இருக்கீங்க?"

எதிர்முனையில் மரக்கதவு பிளக்கும் சத்தம். தொடர்ந்து ஒரு பெண்ணின் அலறல். பிறகு திருமாறனின் குரல், மூச்சு வாங்க, ஆனால் மிக மரியாதையாக வந்தது.

"ரானுயிலம்மா. என் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."